நான் மாட்டச் சொன்ன அகலச் சக்கரங்கள்

கண்ணு,

உன் கடிதம் வந்து பதினோரு நாளாகிறது. கட்ச் பக்கத்து உப்பளத்தில் உன் பொறுப்பில் ஒரு ஜீப் கொடுத்திருக்கிறார்கள் என்றும், காலையில் தார் ரோட்டில் கிளம்பினால் கொஞ்ச தூரத்தில் மணல், அதைத் தாண்டினால் உப்புப் பூத்த தரை, அதற்கும் அப்பால் சேறு, ஒரே வண்டி இத்தனையிலும் ஓட வேண்டியிருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். புதுச் சக்கரம் வாங்கப்போகிறார்களாம், ஒடுக்கமானதா அகலமானதா என்று உன்னைத்தான் சொல்லச் சொல்லியிருக்கிறார்களாம். "நீ பிசிக்ஸ் படிச்சவ, கணக்குப் போட்டுச் சொல்லும்மா" என்று கேட்டிருக்கிறாய். அதோடு நிறுத்தியிருந்தால் அன்றைக்கே ஒரு இன்லண்ட் லெட்டரில் பதில் போட்டிருப்பேன். கடைசி வரியில், "நைனாவைக் கேட்காதே, அவர் சக்கரம் பொறுக்கின லட்சணத்தைத்தான் நான் கையிலயே தூக்கிட்டுத் திரியறேனே" என்று எழுதிவிட்டாய். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை தாள்.

இதை நான் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் போன பிறகு, என் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. முதலில் உன் நைனாவுக்கும், பக்கத்து வீட்டுத் தேசம்மாவுக்கும், அவளோடு வந்து உட்காருகிற பெண்களுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டப்போகிறேன். அதற்குப் பிறகுதான் தபால் பெட்டி. ஒரு விஷயத்தை நான் நாலு பேர் முன்னால் கத்திச் சொன்னேன். அதைத் திருத்துவதை மட்டும் உறைக்குள் மூடி அனுப்பினால் நன்றாக இருக்காது. பதினாலு வருஷம் தாமதம். ஆனாலும் எழுதுகிறேன்.

நான் எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளி என்று உனக்குத் தெரியும். ராயபுரத்தில் பிறந்து, காலேஜில் பி.எஸ்ஸி. முடித்து, டிராம் ஓடின ரோட்டைத் தவிர வேறு தரையைக் காலால் தொடாமல் வளர்ந்தவள். இருபது வயசில் சுண்ணாம்புக்குளத்துக்கு வாழ வந்தேன். ஊரில் பாதிப் பேர் வீட்டுக்குள் தெலுங்கு பேசினார்கள், வாசலுக்கு வந்தால் தமிழ். உன் நைனாவின் நைனா உட்பட எல்லோரும் என்னை 'டீச்சர்' என்றுதான் கூப்பிட்டார்கள், வேலை கிடைப்பதற்கு முன்பிருந்தே. வந்த அடுத்த வருஷம் நீ பிறந்தாய். அதிலிருந்து எனக்கு பயப்படுவதற்கு ஒரு முழுநேர வேலை கிடைத்தது. நீ தும்மினால் பயம், தும்மாமல் ரொம்ப நேரம் தூங்கினால் பயம். உன் நைனா கடலோடு சேர்ந்த நம்ம ஊர் ஏரிக்குள் வண்டியை இறக்கிக்கொண்டு போய்விட்டால், அந்த இஞ்சின் சத்தம் திரும்பக் கேட்கும்வரை உலை வைத்ததைக்கூட மறந்து நிற்பேன்.

ஏரிக்குள் வண்டி ஏன் போக வேண்டும் என்று அங்கே யாராவது கேட்டால் நீ சொல்லக்கூடும், ஆனால் நீ சின்னப் பையனாக இருந்தபோது பார்த்ததை நான் பெரியவளாகப் பார்த்தேன், அதனால் சொல்கிறேன். சித்திரை, வைகாசியில் நம் பக்கம் தண்ணீர் உள்ளே வாங்கிவிடும். மற்ற மாதத்தில் கரையில் வந்து முட்டுகிற படகு, அப்போது ஒரு மைல் அப்பாலேயே தட்டி நின்றுவிடும். அங்கிருந்து இறாலைக் கூடையில் வைத்துப் பெண்கள் தலையில் சுமந்து வர வேண்டும். இறாலுக்கு திடீரென்று வெளிநாட்டு கிராக்கி வந்த காலம் அது. ஐஸ் போட்ட இறால் நன்றாக இருந்தால் ஒரு விலை, வெயிலில் ஒரு மைல் நடந்து வந்து தலை கறுத்துப் போனால் யாரும் சீந்தமாட்டார்கள். உன் நைனா பட்டாளத்து ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பை எடுத்துவந்தார். பின்னால் ஒரு டிரெய்லர், அதில் மரத்தூள் போட்ட ஐஸ் பெட்டி. இறால் சுமந்த பெண்களுக்கு அந்த வேலை போய்விடுமோ என்று முதலில் முணுமுணுப்பு இருந்தது. அவர் அவர்களையே படகிலிருந்து டிரெய்லருக்குப் பிரித்துப் போடவும், தரம் பார்க்கவும் வைத்துக்கொண்டார். திரும்பும்போது அவர்களும் ஜீப்பில் ஏறி வந்தார்கள். தேசம்மா முன் சீட்டைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்ட மாதிரி உட்கார்ந்து வருவாள்.

ஊரிலிருந்து படகு தட்டி நிற்கிற இடம்வரை தரை நாலு விதமாக மாறும். ஊர் முடிகிற இடத்தில் சரளை ரோடு. அப்புறம் பனைமரத்துக்கு நடுவே காற்று குவித்த மணல், கால் வைத்தால் கணுக்கால்வரை போகும். அதற்கப்புறம் சுண்ணாம்புக்காகக் கிளிஞ்சல் வாரியெடுத்த பள்ளங்கள். கடைசியில் ஏரியின் அடித்தரை, மேலே அப்பளம் மாதிரிக் காய்ந்து, உள்ளே கறுப்பாக, வெண்ணெய் மாதிரி. ஜீப்போடு வந்த சக்கரங்கள் ஒடுக்கமானவை, பெரிய பெரிய பட்டன் வைத்த பட்டாளத்து டயர். மணல் வந்ததும் உன் நைனா இறங்கி, ஒரு குச்சியால் வால்வை அழுத்தி நாலு சக்கரத்திலும் காற்றை இறக்குவார். டயர் சப்பையாகி மணலில் படர்ந்து ஓடும். மணல் முடிந்ததும் மறுபடி இறங்கி, கைப் பம்பால் நாலுக்கும் காற்று அடிப்பார். வரும்போது அதே கதை. நீ பம்பின் மேல் ஏறி நின்று "நானு, நானு" என்பாய். உன் எடைக்கு அது அரை அங்குலம்கூட இறங்காது. அவர் உன் தலைக்கு மேலாகக் கையை வைத்து அழுத்துவார், நீ அடித்ததாக நினைத்துக்கொண்டு மூச்சு வாங்குவாய். அப்பனும் பிள்ளையும் ஒரே பம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிற காட்சி இப்போதும் என் கண்ணில் இருக்கிறது. உன் நினைவில் அது இல்லை என்று எனக்குத் தெரியும்.

எனக்கு அந்தப் பம்பின் மேல்தான் கோபம். ஒரு நாளைக்குப் பதினாறு தடவை டயருக்குக் காற்று இறக்குவதும் ஏற்றுவதுமாக ஒரு மனுஷன் வெயிலில் நின்றால் நெஞ்சு என்னத்துக்கு ஆகும்? என் அப்பா நாற்பத்தைந்து வயசில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர். ஒரு நாள் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்னால் கணக்குப் போட்டேன். வண்டியின் எடை இவ்வளவு, சக்கரம் தரையில் பதிகிற இடம் இவ்வளவு, ஆகவே ஒரு சதுர அங்குலத்துக்கு இவ்வளவு பாரம். அகலத்தை இரண்டு மடங்காக்கினால் பாரம் பாதி. பாரம் பாதியானால் மணலில் புதையாது, காற்றை இறக்கவே வேண்டாம். காலேஜை விட்டு வந்து ஏழெட்டு வருஷத்தில் நான் படித்த படிப்பு ஒரு இடத்தில் உதவுகிறது என்று அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை என்னென்று சொல்வது. அடுப்பில் குழம்பு பற்றிப்போனதைக்கூடக் கவனிக்கவில்லை. உன் நைனா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் எழுதியிருந்த பக்கத்தை விட்டுவிட்டு, மறுபக்கத்தில் ராகு காலம் எத்தனை மணிக்கு என்று பார்த்தார். அப்புறம், "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். ஆனால் தலையைச் சொறிந்தார்.

மூன்று பேரும் பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டைக்குப் போனோம், ஞாபகம் இருக்கிறதா? அங்கே ஒரு சந்தில், கடையில் கிடந்த பழைய ரிம்மை நடுவில் வெட்டி, இடையில் இரும்புப் பட்டை வைத்து ஒட்டி அகலமாக்கிக் கொடுத்தார்கள். அதற்கேற்ற குண்டு டயர். வெல்டிங் வெளிச்சத்தைப் பார்க்காதே என்று உன் கண்ணை நான் பொத்திக்கொண்டே நின்றேன், நீ விரல் இடுக்கில் பார்த்துக்கொண்டே நின்றாய். ஊருக்கு ஒரு லாரியில் திரும்பினோம். நீ ஒரு டயருக்குள் சுருண்டு படுத்து, கும்மிடிப்பூண்டி வருவதற்குள் தூங்கிப் போனாய். ரப்பர் வாசனை உன் தலைமுடியில் இரண்டு நாள் இருந்தது.

சக்கரம் மாட்டின அன்றைக்கு ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. ஜீப் தவளை மாதிரி காலைப் பரத்திக்கொண்டு நின்றது. தேசம்மா இடுப்பில் கூடையோடு சுற்றி வந்து பார்த்தாள்.

"இன்னா டீச்சரம்மா, வண்டிக்கு செருப்பு மாட்டி வுட்டுட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் கேலிதான் செய்கிறாள் என்று நினைத்தேன். ஏரிச் சேற்றில் யாரும் செருப்போடு இறங்கமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், அதற்குக் காரணம் செருப்பு கெட்டுப்போகும் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன்.

என் கணக்கு மணலில் பலித்தது. காற்றை இறக்காமலே ஜீப் பனைமரங்களுக்கு நடுவே மிதந்து போயிற்று. பம்பைத் துடைத்துப் பரணில் போட்டோம். காய்ந்த அடித்தரையிலும் குறை ஒன்றும் இல்லை, முன்னைவிட அழகாகப் போனது. அந்தக் கோடை முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்குப் போனால் "சக்கரம் போட்ட டீச்சர்" என்றார்கள். வகுப்பில் பிள்ளைகளுக்கு அழுத்தம் என்ற பாடத்தை ஜீப்பைக் காட்டியே நடத்தினேன். உன் நைனா மட்டும் பழைய சக்கரம் நாலையும் விற்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். எதற்கு அடைசல் என்று கேட்டேன். "கெடக்கட்டும்" என்றார்.

இனி அந்த நாள். அடுத்த வருஷக் கோடை, உனக்கு ஏழு முடிந்திருந்தது. விடியற்காலையில் ஒரு மழை, அரை மணி நேரம்கூட இல்லை, புழுதி வாசனை கிளப்பிவிட்டு நின்றுவிட்டது. நான் வாசலுக்கு வந்தபோது உன் நைனா ஜீப்புக்கு ஜாக்கி கொடுத்து ஒரு பக்கம் தூக்கியிருந்தார். பழைய சக்கரங்களை உருட்டிவந்து பக்கத்தில் போட்டிருந்தார். தேசம்மாவும் மற்றப் பெண்களும் ஏறிப் போகக் காத்திருந்தார்கள். அன்றைக்கு நீயும் நானும் கூடப் போவதாக இருந்தது, லீவு விட்டதிலிருந்து படகு பார்க்க வேண்டும் என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தாய். அந்த நேரம் நீ கொல்லையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தாய்.

"இன்னிக்கு பழ்சே போட்டுக்கறேன்" என்றார் அவர்.

நான் வேண்டாம் என்றேன். வெறுமனே வேண்டாம் என்று சொல்லவில்லை, எல்லோர் எதிரிலும் பாடம் நடத்தினேன். மழை பெய்தால் தரை மெத்தென்று ஆகும், மெத்தென்ற தரையில் ஒடுக்கச் சக்கரம் இன்னும் அதிகமாகத்தானே புதையும், அகலம்தானே வேண்டும், இதுகூடவா தெரியாது என்று கேட்டேன். 'இதுகூடவா தெரியாது' என்று சொன்னேன், கண்ணு. அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவர் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். இரண்டு நட்டைத் தளர்த்தியிருந்தவர், அதை மறுபடி இறுக்கினார். ஜாக்கியை இறக்கினார். "ஏறுங்க" என்றார்.

போகும்போதே வண்டி வாலை ஆட்டியது, எப்படியோ ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தார். காலை பத்து மணி இருக்கும். பெண்கள் இறாலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த ஒரு நிமிஷம் தவிர. நீ தட்டி நின்ற படகின் முனையில் ஏறி, அங்கிருந்து அடுத்த படகுக்குத் தாவினாய். சத்தம் கேட்டுத் திரும்பினால் இரண்டு படகுக்கும் நடுவே நீ கிடந்தாய், இடது முழங்கை பார்க்கக் கூடாத விதமாகத் திரும்பியிருந்தது. உன் நைனா உன்னைத் தூக்கி என் மடியில் வைத்து, டிரெய்லரைக் கழற்றிப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தார். பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு மதியத்துக்குள் போயிருக்கலாம்.

இருநூறு கஜம்கூடப் போகவில்லை. அகலச் சக்கரம் புதையவில்லை, அதில் என் கணக்கு சரி. புதையாமல், மழையில் நனைந்த வழவழப்பின் மேலேயே நின்று சுற்றியது. பட்டன் முழுக்கச் சேறு அப்பி, நாலு சக்கரமும் எண்ணெய் தடவின உருளை மாதிரி ஆகிவிட்டது. முன்னால் முடுக்கினால் பக்கவாட்டில் போயிற்று. கடைசியில் அடித்தரையிலும் வாரியிருந்த ஒரு கிளிஞ்சல் பள்ளத்தில் வழுக்கி இறங்கி, வயிறு தட்டி உட்கார்ந்தது. அவர் இறங்கிக் கையால் சேற்றை வாரினார். பெண்கள் எல்லோரும் ஓடிவந்து தள்ளினார்கள். சாக்கைப் போட்டார்கள், பலகையைப் போட்டார்கள். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். நீ அழுவதை நிறுத்திவிட்டாய். நீ அழுதபோது இருந்ததைவிட அது எனக்குப் பயமாக இருந்தது. அப்போதுதான் நான் அதைக் கத்தினேன்.

"இந்தச் சக்கரத்தை ஏன் மாட்டின? யாரைக் கேட்டு மாட்டின? என் பிள்ளையக் கொல்றதுக்கா?"

உன் தலை என் மடியில் இருந்தது. உன் கண் திறந்திருந்தது. அது உன் காதில் விழுந்தது. பெண்கள் எல்லோரும் கேட்டார்கள். உன் நைனா சேற்றில் முட்டிபோட்டு இருந்தவர், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். 'நீதானே சொன்ன' என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "புள்ளயக் குடு" என்றார். அவ்வளவுதான்.

உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். தேசம்மா முன்னால். நான் பின்னால் வழுக்கி வழுக்கி விழுந்துகொண்டு வந்தேன். மூன்றாவது தடவை விழுந்தபோது தேசம்மா திரும்பி வந்து ஜீப்பில் வந்ததால் நான் காலிலேயே விட்டிருந்த செருப்பைக் கழற்றித் தூர எறிந்தாள்.

"குதிங்கால ஊனு, டீச்சரம்மா. வெரல நம்பாத. கிளிஞ்சல் தட்ற வரைக்கும் எறக்கு, அப்புறம் அடுத்த கால்."

குதிகாலை அழுத்தினேன். வழவழப்பைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய், ஒரு சாண் ஆழத்தில் கறகறவென்று கிளிஞ்சல் தட்டியது. கால் நின்றது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, ஒடுக்கச் சக்கரம் என்ன செய்துகொண்டிருந்தது என்று. புதைவது எல்லாமே விபத்து இல்லை. அது வேண்டுமென்றேதான் புதைந்துகொண்டிருந்தது, அடியில் இருக்கிற கெட்டியைத் தொடுவதற்காக. காலண்டர் தாளில் நான் மேல்தரையைத்தான் கணக்கில் எடுத்திருந்தேன். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கே தலையில் கூடை சுமந்த எந்தப் பெண்ணும் சொல்லியிருப்பாள்.

மணலைத் தாண்டி ரோட்டுக்கு வந்து பஸ் பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது பொழுது இறங்கிவிட்டது. கை வீங்கிப்போயிருந்தது. வீக்கம் வடியாமல் எலும்பைச் சேர்க்க முடியாது என்றார் டாக்டர், சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் நேராக வந்திருக்கும் என்றும் சொன்னார், நல்ல மனுஷர், தன்னால் ஆனதைச் செய்தார். உன் கை அந்தக் கோணத்தோடே நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்த மறுநாள் உன் நைனா, சேற்றிலிருந்து இழுத்துவந்திருந்த ஜீப்புக்குப் பழைய சக்கரத்தை மாட்டிவிட்டார். பம்பைப் பரணிலிருந்து இறக்கினார். நீ அதற்கப்புறம் பம்பின் மேல் ஏறி நிற்கவில்லை. ஜீப்பிலேயே ஏறவில்லை. கட்டோடு வாசலில் உட்கார்ந்து அவர் காற்றடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாய். அவர் உன்னைப் பார்த்துச் சிரிப்பார், நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய். நான் அதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். அன்றைக்கே வெளியே வந்து, 'சக்கரம் மாட்டச் சொன்னது நான்தான்டா' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சோறு கொதிக்கிற நேரம்கூட வேண்டாம். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன், கட்டுப் பிரித்ததும் சொல்லலாம் என்று விட்டேன், பத்தாவது பரீட்சை முடியட்டும் என்று விட்டேன். நீ என்னோடு ஒட்டிக்கொண்டே வளர்ந்தாய். அது எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை.

கப்பல் வேலைக்கு உடம்புப் பரிசோதனையில் உன் கையைப் பார்த்துத் திருப்பி அனுப்பிய அன்றைக்கு நீ வீட்டுக்கு வந்து அவரிடம் என்ன சொன்னாய் என்பதை இங்கே எழுதமாட்டேன், உனக்கே தெரியும். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டைத் தள்ளவில்லை, கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டுவிட்டு எழுந்தார். நீ வடக்கே போனபோது அவர் பஸ் நிறுத்தம் தெரிகிற தூரம்வரை வந்தது உனக்குத் தெரியாது. மளிகைக் கடைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார். ஒரே ஒரு தடவை அவரிடம் கேட்டேன், ஏன் நீங்கள் அவனிடம் சொல்லவில்லை என்று. "அவனுக்கு ஒரு ஆளாவது வோணும் இல்ல, ஒட்டிக்க" என்றார். அப்புறம் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

இதுவரை எழுதியதை நேற்று சாயங்காலம் படித்துக் காட்டினேன். தேசம்மா, அவளோடு மூன்று பெண்கள், உன் நைனா கயிற்றுக் கட்டிலில். முடித்ததும் திட்டுவார்கள் என்று நினைத்தேன். தேசம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்:

"ஜாக்கி போட்டவர நீ எறக்க வெச்சத நாங்க எல்லாம் நின்னு பாத்தவங்கதான டீச்சரம்மா. ஊருக்கே தெரியும். நைனாதான் பையன் காதுல போடக் கூடாதுன்னுட்டாரு. உன் புள்ளைக்கு மட்டும்தான் தெரியாது."

சேற்றில் நான் கத்தினதோடு ஊர் மற்றதை மறந்திருக்கும், பதினாலு வருஷம் நான்தான் மறைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். ஊர் எனக்காக மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அவர்கள் பிள்ளைகளுக்கு நான் தினம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போன பிறகு, உன் நைனா உன் கடிதத்தைக் கேட்டார். உப்பளத்தைப் பற்றி நீ எழுதின இடத்தை மட்டும் மூன்று தடவை படிக்கச் சொன்னார். மேலே வெள்ளையாகப் பாளம், உடைத்தால் கறுப்புச் சேறு என்று எழுதியிருக்கிறாயே, அங்கே நிறுத்தி, அந்தக் கறுப்பு எவ்வளவு ஆழம் என்றார். நீ எழுதவில்லை என்றேன். குதிகாலை அழுத்தினால் எதிலாவது தட்டுகிறதா என்றார். அதையும் நீ எழுதவில்லை. "இன்னா படிச்சான்" என்று சிரித்தார். உன்னைப் பற்றிப் பேசி அவர் சிரித்து நான் கேட்டு நாளாகிவிட்டது.

"அடி எங்க கீதுன்னு பாக்கச் சொல்லு. சாண் ஆழத்துல கெட்டி தட்டுச்சுன்னா ஒடுக்கம் வாங்கட்டும், போய்க் கடிச்சுக்கும். எவ்ளோ எறக்கனாலும் அடியே தட்டலன்னா ஒடுக்கம் வண்டியோட முழுவிப்பூடும், அங்க அகலந்தான். உன் கணக்கு தப்பில்ல டீச்சர். நம்ம ஏரிக்கு அடி இருந்துச்சு, அவ்ளோதான்."

அப்புறம் எழுந்து வீட்டுக்குப் பின்னால் போனார், நானும் போனேன். அந்த அகலச் சக்கரங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன, பனையோலைக்கு அடியில். என்னைக் குத்திக் காட்டத்தான் வைத்திருக்கிறார் என்று இத்தனை வருஷம் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். டயர் வெடித்து மக்கிப்போயிருக்கிறது. ரிம் நாலும் துருப்பிடிக்காமல் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை கிரீஸ் தடவுவாராம். எதற்கு என்று கேட்டேன். நல்ல இரும்பு, எந்தத் தரைக்காவது ஆகும் என்றார். உன் ஜீப் சக்கரத்திலும் நட்டு மாட்ட அஞ்சு ஓட்டைதானா என்று எழுதச் சொன்னார். ஆகுமானால் லாரியில் போட்டு அனுப்புகிறாராம், டயர் மட்டும் அங்கே வாங்கிக்கொள்ளலாமாம்.

ஆகவே, நீ கேட்டதற்குப் பதில் என்னிடம் இல்லை. அதைச் சொல்லக்கூடியவரிடம் நீ சொல்ல வேண்டியது இருக்கிறது. என் பேரில் நீ கோபப்படு, அதற்குத்தான் எழுதினேன். எவ்வளவு நாள் வேண்டுமானாலும் கோபமாக இரு, எனக்குக் கடிதம்கூடப் போட வேண்டாம், நான் பயந்துகொண்டே காத்திருப்பேன், அது எனக்குப் பழக்கம்தான். ஆனால் நாளைக்கே ஒரு காரியம் செய். வண்டி போகிற தடத்தில் உப்புப் பாளத்தை உடைத்து, மேல் மண் ஒரு பிடி, கை போகிற ஆழத்திலிருந்து ஒரு பிடி, இரண்டையும் தனித்தனியாகத் துணியில் கட்டி ஒரு டப்பாவில் போடு. கை எதிலாவது தட்டியதா, இல்லையா என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி அதன் மேல் வை. டப்பா மேல் என் பேர் வேண்டாம், நைனா பேரை எழுது.

இன்று காலை நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அவர் தபால்காரரை ரோட்டில் நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார். வடக்கேயிருந்து தன் பேருக்கு ஒரு டப்பா வரும், கனமாக இருக்கும், மண்தான், தூக்கிக் கடாசிவிடாதே என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா